மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த எர்த் கம்பி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை காகிதம் எடுத்து உட்கார்ந்து, மேலே முருகன் துணை என்று எழுதியதோடு மடித்து வைத்திருக்கிறேன். என் மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் முடிந்து அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். இனிமேல் என்னைப் பற்றி நாலு பேர் என்ன சொன்னாலும் அவளைப் பாதிக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. பினாங்குப் பட்டணத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், வெங்காயம், மிளகாய், பருப்பு மொத்தமாக விற்கிற கடையில் சரக்குப் பொறுப்பு எனக்கு. கீழே கடை. மாடியில் பின்பக்கத்து அறையில் நானும் மனைவியும் ஆறு வயது மகளும் குடியிருந்தோம்.

எங்கள் கடைக்கு டெலிபோன் வந்தபோது அந்த வரிசையில் வேறு யாருக்கும் கிடையாது. சுவரில் மாட்டின மரப்பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் டெலிபோன் ஆபீசிலிருந்து ஒரு பெண் என்ன நம்பர் என்று கேட்பாள். முதலாளி அதில் பேசினால் பாதித் தெருவுக்குக் கேட்கும். "கம்பி வழியாத்தான் போவுது முதலாளி, கத்த வேணாம்" என்று ஒரு தடவை சொன்னேன். "தூரமா இருக்கானே, பாவம்" என்றார். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

அதை மாட்டிக் கொடுத்த லைன்மேனும் தமிழர்தான். என் வயசு இருக்கும். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் குடியிருந்துகொண்டு தினமும் படகில் இந்தப் பக்கம் வந்து போகிறவர். நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். பெட்டியை மாட்டிய பிறகு, வாசலுக்கு மேலே வெளிக்கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சின்னப் பீங்கான் பெட்டியை வைத்தார். அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியைச் சுவரோடு இறக்கி, கடையின் நீளத்துக்கும் தரையை ஒட்டிக் கொண்டுபோய், பின்புறம் குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் அடித்திருந்த இரும்புக் குழாயில் முடுக்கினார்.

"இது எர்த் கம்பி. வெளிக்கம்பியில இடி இறங்கினா, பேசுற ஆளு மேல பாயாம இது வழியா மண்ணுக்குப் போயிரும். குளிக்கிற தண்ணி இந்த இடத்துலயே ஓடட்டும், மண்ணு காயக்கூடாது. கம்பியை மட்டும் யாரும் தொட வேணாம்."

இவ்வளவும் என்னிடம்தான் சொன்னார். முதலாளி அப்போது வெளியே போயிருந்தார். நான் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் அந்தக் கம்பியின் முன்னால் சரக்கு மூட்டைகளை அடுக்கினோம். கம்பியின் இரண்டு முனை மட்டும் தெரியும், நடுவே இருப்பது தெரியாது.

அடுத்த வருஷம் கார்த்திகை மாசத்தில் மகளுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள். கொயினா மருந்தை விழுங்க வைத்தால் வாந்தி எடுப்பாள். ஒரு கட்டத்தில் அவள் கண்ணைத் திறந்தும் எங்களைத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கிவிட்டது.

காவடியை என் கையாலேயே கட்டினேன். பலகை இழைத்து, பிரம்பை வளைத்து, மயில் இறகு வாங்கி எல்லாம் தயார். வளைவில் இறகையும் பட்டுத் துணியையும் இறுக்கக் கம்பி வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருக்காரர் ஒருவர் இரும்புக் கம்பியால் கட்டி, பாலும் தண்ணீரும் பட்டுத் துருவேறி, மஞ்சள் பட்டெல்லாம் கறையாகிவிட்டது. அதை எல்லாரும் குறையாகப் பேசினார்கள். சாமி காரியத்துக்குச் செம்புதான் சுத்தம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் கடைசி நேரம் வரை அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டேன். பூசத்துக்கு முதல் நாள் தேடினால், அந்த வருஷம் சீனர்களுடைய புதுவருஷத்தின் பதினைந்தாம் நாளும் ஒட்டி வந்திருந்தது. ஒரு இரும்புச் சாமான் கடை சாத்தியிருந்தது. இன்னொன்றில் இரும்புக் கம்பிதான் இருந்தது.

கடைக்குத் திரும்பி வந்தேன். எல்லாரும் சாமி ரதம் பார்க்கப் போயிருந்தார்கள். வெங்காயம் தீர்ந்து மூட்டை அடுக்கு தாழ்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சுவர் ஓரத்தில் செம்புக் கம்பி போய்க்கொண்டிருந்தது.

லைன்மேன் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் மாட்டின நாள் முதல் அந்தக் கம்பி ஒரு வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. அதில் பேச்சுப் போகவில்லை, மணி அடிக்கவில்லை. நடுவிலிருந்து, இரண்டு கையையும் விரித்து அளந்து, நாலு பாகம் அறுத்தேன். அறுத்த கையோடு போய் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பெண் வழக்கம்போல என்ன நம்பர் என்று கேட்டாள். பதில் சொல்லாமல் மாட்டிவிட்டேன். டெலிபோன் வேலை செய்கிறது, ஆகவே இந்தக் கம்பி இல்லாமலே நடக்கும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். பூசம் முடிந்ததும் வேறு வாங்கிக் கட்டிவிடலாம் என்றும் மனசில் ஒரு சமாதானம். மனைவி கம்பி ஏது என்று கேட்டாள். கடையில் கிடந்தது என்றேன். மறுநாள் காவடி எடுத்து, வேண்டுதலை இறக்கிவிட்டு வந்தோம். புதுச் சரக்கு வந்து மூட்டை அடுக்கு மறுபடி மச்சைத் தொட்டது. கம்பியை மறந்துவிட்டேன்.

பங்குனி மாசம் லைன்மேன் ஏட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வீடாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏணி வைத்துப் பீங்கான் பெட்டியைத் திறந்து பார்த்தார். பின்னால் போய்த் தொட்டியோரக் குழாயைப் பார்த்தார். பிறகு மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தள்ளணுமே. நடுக் கம்பியை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா வேலை முடிஞ்சிரும்."

"எழுபது மூட்டை லா. கூலியாளுங்க சாப்பிடப் போயிட்டாங்க. நீங்களும் நானும்தான் தள்ளணும்."

"நான் தள்ளினா இடுப்புப் பிடிச்சிக்கும். அப்புறம் வீட்டுல என்னை யாரு தூக்குறது?"

"கம்பி அப்படியேதாண்ணே இருக்கு. தினம் பாக்குறவன் நான் சொல்றேன்."

இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு இருந்தது, மொட்டை போட்டு அரையங்குல முடி முளைத்திருந்தது.

"காவடி எடுத்து இறக்கி வச்ச ஆளு. உங்களை நம்பாம, வேற யாரை நம்புறது?" என்றார். ஏட்டில் கையெழுத்துப் போட்டார். மாடியிலிருந்து மனைவி காப்பி அனுப்பினாள். குடித்துவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு நாள் சாயந்திரம் மூன்று, மூன்றரை மணி. வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கப்பல் எப்போது சரக்கு இறக்கும் என்று முதலாளி டெலிபோனில் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். கடை முழுவதும் வெள்ளையானது. சத்தம் அதற்கப்புறம் வந்ததா கூடவே வந்ததா என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது முதலாளி பெட்டியிலிருந்து இரண்டு பாகம் தள்ளி மல்லாந்து கிடந்தார். காதில் வைத்துக் கேட்கும் குழல் தெறித்துப் போயிருந்தது. சுவரில் மரப்பெட்டியைச் சுற்றிக் கருப்பாகத் தீய்ந்திருந்தது. அவருடைய வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. விரல்கள் வெந்திருந்தன.

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது காது மட்டும் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் டெலிபோன் ஆபீசிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். கூட, மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு கிராணி, பின்னால் நம் லைன்மேன். கூலியாட்கள் மூட்டைகளை நகர்த்தினார்கள். சுவர் ஓரம் வெறுமையாக இருந்தது. துரை குனிந்து, அறுந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார். அது பச்சை பூத்துக் கிடந்தது. இது நேற்று அறுந்ததில்லை, பல வாரமாயிற்று என்றார். பிறகு ஏட்டைத் திறந்து கையெழுத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

கிராணி தமிழில் கேட்டார். "பாத்துட்டுத்தான் போட்டியா?"

லைன்மேன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கலே. பாத்ததா எழுதிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சொல்லி நம்பியதாகச் சொல்லவில்லை.

துரை முன்னால் போனதும் கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் லைன்மேன் ஒரு நிமிஷம் நின்றார். நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவரே பேசினார்.

"உங்களை இதுல இழுக்கலேண்ணே. கம்பியைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம், மூஞ்சியைப் பாக்க இல்லே. எந்தப் படுபாவி அறுத்தானோ, நல்லா இருக்கட்டும்."

அந்தப் படுபாவி எதிரே நிற்கிறேன். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பத்தாம் நாள் விசாரணை. பொய்க் கையெழுத்து என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினால், துறைமுகத்திலோ ரயிலிலோ கூடச் சேர்க்கமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். செம்பை அறுத்து விற்றதே அவர்தான் என்றும் சிலர் கிளப்பினார்கள். நாலு பிள்ளைகளும் வயசான தாயாரும் அவர் ஒருவர் சம்பளத்தில் இருந்தார்கள்.

எங்கள் தெருவில் வேறு ஒரு பேச்சு நடந்தது. இடி விழுந்தும் முதலாளி பிழைத்தது நான் எடுத்த காவடியால்தான் என்று யாரோ சொல்ல, அதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியம்மா தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்துத் தட்டோடு மாடி ஏறி வந்தார். "தம்பி, அந்தக் கடையில நீங்க இருக்கப் போய்த்தான் என் தாலி தப்பிச்சது" என்று கண் கலங்கினார். நான் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன். செய்த காரியங்களில் எது அதிகம் உறுத்துகிறது என்று கேட்டால், அறுத்ததைவிட அதைத்தான் சொல்வேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் சொல்லிவிட்டால், என் வேண்டுதல் திருட்டுக் கம்பியில் நிறைவேறியது என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அப்படியானால் அந்த வேண்டுதல் செல்லுமா? காய்ச்சல் திரும்பி வந்தால்? மகள் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எட்டு நாளைத் தள்ளினேன்.

ஒன்பதாம் நாள் விடிகாலை சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். வழக்கமாகச் சொல்கிற பாட்டில் இரண்டாவது வரி வரவில்லை. மனைவி பின்னால் நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளைப் பற்றிய பயத்தையும் சொன்னேன்.

"முருகன் செம்புக் கம்பிதான் வேணும்னு கேட்டாரா?" என்றாள்.

"இல்லே."

"கேட்டது நீங்கதான். தெருவுல யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு. அதுக்கு எம்புள்ளை மேல ஏன் பழி வரும்?"

சொல்லிக்கொண்டே, மூலையில் சாத்தியிருந்த காவடி வளைவை எடுத்து மடியில் வைத்து, இறகு உதிராமல் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். முடித்ததும் சுருளை என் கையில் கொடுத்தாள்.

முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கைக்கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்தில் குனிந்து, மெதுவாக, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் அசையவில்லை. அப்புறம் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, ஏதாச்சும் சொன்னியா? அந்தக் காது கேக்காதுன்னு தெரியாதா? இந்தப் பக்கம் வந்து சத்தமா சொல்லு" என்றார்.

கேட்காத காதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காதைக் கெடுத்தவனே நான்தான். மறுபக்கம் போய், அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். வெங்காயம் வாங்க வந்தவர்களும் கேட்டார்கள்.

முதலாளி சுருளை வாங்கி இடது கையில் எடைபோடுவதுபோல் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லிட்டே. அந்த ஆளுக்கு நாளைக்கு விசாரணை. அங்க போய்ச் சொல்லு. அதுக்கப்புறம் கடைக்கு வர்றதைப் பத்திப் பேசலாம்."

போனேன். துரைக்கு முன்னால் சுருளை வைத்து, கிராணி மூலமாகச் சொன்னேன். துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அறுத்த பிறகு டெலிபோன் வேலை செய்ததா? செய்தது என்றேன். அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். டெலிபோன் பேசுவதால் மட்டும் எர்த் இருப்பதாக ஆகாது, கம்பியைத் தலை முதல் கால் வரை கண்ணால் பார்க்காமல் இனி யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, மறைக்கிற இடத்தில் கம்பியை ஓடவிடவும் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். என்னைப் போலீசில் கொடுக்காமல் விட்டது முதலாளி கொடுத்தனுப்பிய கடிதத்தால்.

லைன்மேனுக்கு வேலை போகவில்லை. ஆனால் முழுசாகவும் தப்பவில்லை. அறுத்தது வேறு ஆள் என்றாலும் பார்க்காமல் எழுதியது நீதானே என்று, வீடு பார்த்து ஏட்டில் எழுதுகிற வேலையிலிருந்து எடுத்து, அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் கம்பம் நடுகிற கூட்டத்தில் போட்டார்கள். வெயிலில் குழி வெட்டுகிற வேலை. நான் இன்னும் எட்டு நாள் முன்னால் பேசியிருந்தால் அதுவும் குறைந்திருக்குமோ என்னவோ.

ஆபீசுக்கு வெளியே அவர் மரத்தடியில் நின்றார். நான் கை கூப்பினேன். அவர் அதைப் பார்க்காததுபோல் ரோட்டைப் பார்த்தார்.

"காவடிக்கா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"எத்தனை பாகம்?"

"நாலு."

"என் சாமான் பையில துண்டுக் கம்பி சுருள் சுருளாக் கிடக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே லா. எனக்கும் கொஞ்சம் புண்ணியம் கிடைச்சிருக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தார். பிறகு ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். கை காட்டினார், நிற்கவில்லை.

முதலாளி என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார். புதுக் கம்பி போட வந்தபோது, மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கிற அளவு தள்ளி அடுக்கினேன். இன்றும் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. காவடி வளைவைப் பருத்திக் கயிற்றால் கட்டி அடுத்த பூசத்துக்கு எடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. கவனித்தார்களா என்றுகூடத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டெலிபோன் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே எழுந்து போய், அந்தக் கம்பி மண் வரை முழுசாகப் போகிறதா என்று பாருங்கள். பிறகு இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது மாற்றாதீர்கள். பினாங்கில் இன்னும் சிலர் இதைக் காவடியின் மகிமையாகச் சொல்கிறார்கள், சிலர் லைன்மேன் செம்பு திருடிய கதையாகச் சொல்கிறார்கள். முதலாளியைக் காப்பாற்றியது ஆண்டவன் என்றால் அதை ஆண்டவன்தான் அறிவான். கம்பியை அறுத்தவன் நான், நான் பொய் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் அவர், காது போனது இரண்டு பேரையும் நம்பியிருந்த ஒரு மூன்றாம் மனிதருக்கு என்பதை அப்படியே சொல்லுங்கள். ஒன்பது நாள் கழித்துச் சொன்ன உண்மைக்கு என்னால் இப்போது செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.